உப்பு பார்த்தது கணக்கில் வராது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையில், வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம் சாய்த்து வைத்திருக்கிற எந்த ஓட்டலிலும் நான் கால் வைக்க மாட்டேன். அந்தச் சக்கரம் வாங்கிய காசுக்கு நல்லெண்ணெய் வாங்கியிருந்தால் குழம்பாவது உருப்பட்டிருக்கும். உள்ளே வரிசையாக மண்சட்டி அடுக்கியிருப்பார்கள். குழம்பு கொதித்தது என்னவோ பின்பக்கம் அலுமினிய அண்டாவில்தான். மேசைக்கு வரும்போதுதான் அது சட்டிக்கு மாறும். பரிமாறுகிறவர்கள் தலையில் முண்டாசு. காரில் வந்து இறங்கும் சென்னைக்காரர்கள் சட்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, "இதான்யா கிராமத்து ருசி" என்று ஏப்பம் விடுவார்கள். எந்த ஊர்க் கிராமத்தில் ரசத்துக்குச் சர்க்கரை போடுகிறார்கள் என்று ஒருத்தராவது கேட்டதில்லை.

நான் இருப்பது திண்டிவனம். வேலை விழுப்புரத்தில், ஓர் அரசு அலுவலகத்தில். காலையில் ரயில், சாயங்காலம் கிடைத்த பஸ். இத்தனை வருஷமாக இரண்டு ஊருக்கும் நடுவே போய் வந்ததில் நான் சம்பாதித்தது கொஞ்சம் சம்பளமும் நிறைய நாக்கும்தான். விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, அவித்து விற்கிறவர்களில் யார் தண்ணீர் கொதிக்கும்போதே உப்புப் போடுகிறார், யார் இறக்கின பிறகு மேலே தூவி ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் வேலையாகக் காணை கிராமத்துப் பக்கம் போனால், எந்த வீட்டில் கேப்பைக் களி கிண்டுகிறார்கள் என்று மூக்கு தானாகத் தேடும். கோட்டக்குப்பத்துத் தோழி வீட்டு நோன்புக் கஞ்சிக்காக அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது சாப்பாடு இல்லை, தண்டனை.

ஆபீசில் மத்தியானம் நான் உள்ளே வந்தால் டிபன் பாக்ஸ் மூடிகள் பாதிதான் திறக்கும். "வந்துட்டாங்கப்பா, இன்னிக்கு யாருக்கு மார்க்கு கம்மியோ" என்பாள் பக்கத்து மேசைக்காரி. என்ன செய்வது? புளி பச்சை வாசனை அடித்தால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாமல் விழுங்கினால் வயிற்றில் நிற்காது. ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்து போய்ச் சமையல்காரரிடம், "வத்தக்கொழம்புல இவ்ளோ வெல்லம் போட்டிருக்கீங்களே, யாருக்கு வேண்டுதலுங்க?" என்று கேட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தவள் நான். அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அப்படிக் குழம்பு வைக்கிறவர்கள் பேசாமலிருப்பதே நல்லது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பெண். அவளுக்கு நாக்கே கிடையாது. போட்டதைத் தின்பாள். நல்லா இருக்கா என்றால் "ம்". நல்லா இல்லையா என்றால் அதற்கும் "ம்". அவள் அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். ஆபீசிலிருந்து வந்து, பையை வைத்த கையோடு அடுப்பைப் பற்றவைத்து ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தால், அதைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் வேண்டுமென்றே கத்தரிக்காய்க் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். சோதனைக்குத்தான். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். அன்றைக்கு முடிவு கட்டினேன், இது நாக்கு செத்த ஜென்மம் என்று. என் வயிற்றில் பிறந்து இப்படியா என்று எனக்கு ஆற்றாமையாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் அவளிடம் ருசியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

அவள்தான் போன வருஷம் ஒயின் ஊற்றுகிறவன் ஒருத்தனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள்.

அவளுக்குப் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஒருநாள், "மா, சனிக்கெழம உன்ன ஒரு எடத்துக்குச் சாப்புட இட்டுக்கினு போறேன்" என்றாள். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், எதற்கு என்று கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. கிளம்பிவிட்டேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். கரண்டு பில் கட்ட வசதியில்லையோ என்னவோ, மேசைக்கு மேசை மெழுகுவத்தி. தட்டு மட்டும் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிற அளவு. நடுவில் ஒரே ஓர் இறால், காய்ச்சல்காரன் மாதிரி சுருண்டு கிடந்தது. அடுத்த தட்டில் கேப்பையில் செய்த அப்பளம் மாதிரி ஏதோ ஒன்று, அதன் மேல் விரல் நுனி அளவுக்கு மல்லாட்டைத் துவையல். எங்கள் பக்கம் காலையில் ஒரு கேப்பை அடை தின்றால் சாயங்காலம் வரை வயிறு வாயைத் திறக்காது. இங்கே தின்ற பிறகுதான் பசியே ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒருத்தர் வந்து பக்கத்தில் நின்று கதை சொன்னார். எந்த வயல், எந்த விதை, எந்தக் கல்லில் அரைத்தது. அவர் கதையை முடிப்பதற்குள் நான் தட்டை முடித்துவிட்டேன். சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்கள். அந்தக் கேப்பையை விளைவித்தவர் வந்து பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்தே செத்திருப்பார்.

ஒயினுக்குக் கதை சொல்ல வந்தவன்தான் அவன். ஒல்லியாக, கருப்பாக, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். "வணக்கம் ஆன்ட்டி" என்றான். என் பெண் தண்ணீர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டுக்காக அழைத்து வரவில்லை என்று தெரிந்ததும் எனக்கு அந்த இறால் மேலேயே கோபம் வந்தது.

"இது நேச்சுரல் ஒயின் ஆன்ட்டி. இதுல திராட்சையத் தவிர ஒண்ணுமே சேக்கறதில்ல. ஈஸ்ட்டு கெடையாது, சக்கர கெடையாது. வடிகட்டறதுகூட இல்ல. அதுவாவே புளிக்கும்."

"வடிகட்டாம குடுக்கறதுக்குத்தான் இவ்ளோ மரியாதையா?"

"அதுதான் ஆன்ட்டி கஷ்டம். ஒண்ணும் பண்ணாம வுட்டுட்டு நல்லா வரணும்."

ஒன்றும் பண்ணாமல் விட்டால் எதுவும் நல்லா வராது, பிள்ளைகளும் சேர்த்து. நான் குடிக்கிறவள் இல்லை. ஆனால் என் நாக்குக்குத் தெரியாத ருசி ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குப் பிடிக்காது. கிளாசை எடுத்தேன். கலங்கின சிவப்பு. மூக்கருகே கொண்டு போகும்போதே அவன் முந்திக்கொண்டான். "கொஞ்சம் தொழுவத்து வாசன வரும் ஆன்ட்டி. அதுதான் இதோட ஸ்பெஷல்."

"எங்க பக்கத்து வூட்டுல மாடு வச்சிருக்காங்க தம்பி. இந்த ஸ்பெஷலு எனக்கு ஜன்னலத் தொறந்தா வருது."

ஒரு வாய் குடித்தேன். மூடி வைக்க மறந்த நீராகாரம், மூணாம் நாள். அதை அப்படியே சொன்னேன். "ஊசிப்போன நீராகாரம்ப்பா இது." அவன் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவனோ சிரித்தான். "எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க ஆன்ட்டி" என்றான். தொழிலைத் திட்டினால்கூட ரோஷம் வராதவனை எந்த நம்பிக்கையில் வீட்டுக்குள் விடுவது?

மிச்சமிருந்த பாதி பாட்டிலைத் தக்கையை அழுத்தி என் பெண்ணின் பையில் வைத்து அனுப்பினான். திண்டிவனம் பஸ்ஸில், எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பைகளைத் திறக்கச் சொன்னார். என் வயசுக்கும் உத்தியோகத்துக்கும் இது ஒன்றுதான் பாக்கி. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மானம் கப்பலேறிவிட்டது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் பாட்டிலை எடுத்து, தக்கையைப் பிடுங்கி மோந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னாம்மா இது, கெட்டுப்போயிருக்குது. இதுக்குக் கேஸு போட்டா என்னத்தான் சிரிப்பாங்க. வூட்டாண்ட போய் ஊத்திடுங்க" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கினார். அந்த ஊர் முழுக்க மூக்கு உள்ள மனுஷன் அவர் ஒருத்தர்தான் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

வீட்டில் அந்தப் பாட்டில் அடுப்பு மேடையில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மீனுக்கு மஞ்சள் தடவின கையோடு அதை ஓரமாகத் தள்ளினேன். லேபிளில் என் விரல் அப்படியே மஞ்சளாகப் பதிந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் பார்த்தால் பாட்டிலைக் காணோம். சனியன் தொலைந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலையில், நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரத்தான் மா கட்டிக்கணும்னு இருக்கேன்."

"ஒயின் ஊத்துறவனையா? மாப்ள இன்னா பண்றாருன்னு நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது? கெட்டுப்போன திராட்சத் தண்ணிக்குக் கத சொல்றாருன்னா?"

அவள் கோபப்படவில்லை. அவளுக்குக் கோபமும் கிடையாது. மரக்காணத்தைத் தாண்டிக் கடலோரத்தில் அவன் வீடு, அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "நீ ஒரே ஒரு தடவ அவங்க வூட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, நான் வுட்டுடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். உம்மேல சத்தியம்."

என் பெண் சொன்னால் செய்கிறவள். விட்டுவிடுகிறேன் என்றால் விட்டுவிடுவாள், அழக்கூட மாட்டாள். அவள் வாழ்க்கையைத் தூக்கி என் வாயில் வைத்துவிட்டாள். நான் வேணாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுலபமா என்று இட்லித் துணியைப் பிழிந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் கை நனைக்க மாட்டோம். பேச்சு முடிவாகாமல் அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் சண்டை போட வேண்டியதில்லை, வாய்விட்டு வேண்டாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. "இன்னொரு நாள் வந்து கை நனைக்கிறோம்" என்று எழுந்துவிட்டால் போதும். இரண்டு பக்கமும் புரிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு வேண்டியதும் அந்த ஒரு வாக்கியம்தான்.

துணைக்குத் தம்பி வந்தான். தாய்மாமன் இல்லாமல் காரியம் பேச முடியுமா? அவனுக்கு இதில் ஜாதிதான் கவலை. "கடக்கரையில போய் பொண்ணக் குடுத்துட்டு சொந்தக்காரன் மூஞ்சில எப்டி முழிக்கிறது?" என்று கார் ஏறினதிலிருந்து புலம்பினான். இதே ஆள் ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கடற்கரைக்குத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போவான். மீனுக்கு ஜாதி பார்க்காதவன் மாப்பிள்ளைக்குப் பார்க்கிறான். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒயினே போதும்.

"கலரு குடுத்தா குடி. பிஸ்கட்டு குடுத்தா ஒண்ணு எடு. சோத்துல மட்டும் கைய வச்சிடாதக்கா" என்றான். "அவங்க மீன் கொழம்பு வைப்பாங்க. உன்ன நம்ப முடியாது."

"என்ன இன்னான்னு நெனச்சிக்கினு இருக்க?"

"தெரிஞ்சிதான சொல்றேன்."

அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தாலும், நானும் அதற்குத் தயாராகத்தான் போனேன். எவ்வளவு நல்ல குழம்பாக இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவது என்று வழியெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தேன்.

சின்ன வீடு, சுத்தமான வீடு. குறை சொல்ல நானும் நாலு பக்கம் தேடினேன், அகப்படவில்லை. அவன் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். பேச்சு கம்மி. அப்பா நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவருகே நின்றுகொண்டார். அவனும் அங்கேயே நின்றான். இன்றைக்கு வெள்ளைச் சட்டை இல்லை, கதையும் இல்லை. கலர் வந்தது, குடித்தோம். பிஸ்கட் வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்தோம். மழை, கடல், வேலை என்று பேச்சு இழுத்துக்கொண்டு போனது. தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து வாசனை வந்தது.

கொடுவா மீன், சந்தேகமே இல்லை. மிளகாய், மல்லி, வெந்தயம் எல்லாம் சரிதான். நடுவில் ஒன்று மூக்கைக் குத்தியது. தொழுவம். மூணாம் நாள் நீராகாரம்.

"கொழம்புல இன்னா போட்டீங்க?" என்றேன். எதற்குப் போனோம் என்பது அந்த நிமிஷமே மறந்துவிட்டது.

அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார். "புள்ள கொண்டாந்த ஒயினு கொஞ்சம் இருந்துதுங்க. புளிப்பா இருந்துது. வீணாப் போவுதேன்னு புளிக்குப் பதிலா ஊத்திட்டேன்."

"கொடுவாலயா?"

"ஆமாங்க. விடியக்காலம் புடிச்சதுங்க."

விடியற்காலம் பிடித்த கொடுவா. ஊரில் அவனவன் ஐஸில் பத்து நாள் கிடந்த வஞ்சிரத்தை வாங்கி, அதைத் தின்றேன் என்று மீசையை முறுக்குகிறான். இங்கே துள்ளத் துடிக்க வந்த கொடுவாவைச் சாக்கடையில் முக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்தேன். கிளம்புகிறேன் என்று நினைத்துத் தம்பியும் எழுந்து செருப்பைத் தேடினான். நான் நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அக்கா, வாசல் இந்தப் பக்கம்" என்றான் பின்னாலிருந்து.

மூடியைத் திறந்தேன். குழம்பு சிவப்பாகவே இல்லை. நாவப்பழம் தின்ற வாய் மாதிரி ஒரு நிறம். "இதுக்கு மீன் போயி உசுர வுட்டுருக்குது" என்றேன்.  வறுக்க என்று தலையும் நாலு துண்டும் அந்த அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தார். அதாவது பிழைத்ததே. "புளி எங்க?" என்றேன். கிண்ணத்தை நீட்டினார். ஊறவைத்த புளி. புளிக்குப் பதிலாக ஒயினை ஊற்றியவரிடம் ஊறவைத்த புளி எதற்கு என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

வேறு சட்டி எடுத்து அடுப்பில் வைத்தேன். நல்லெண்ணெய், வெந்தயம், உரித்த சின்ன வெங்காயம். வெங்காயமும் தயாராக உரித்து வைத்திருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. "திராட்சையத் தவிர ஒண்ணும் சேக்கலியாம். கொழம்புல சேத்துட்டீங்களே. உங்க புள்ளதான் ஊருக்கெல்லாம் அதப் பெருமையா ஊத்துதுன்னா, நீங்களுமா? ஒரு வா தண்ணிக்குக்கூட ஆவாத சரக்கு, போலீஸ்காரரே வேணாம்னு திருப்பிக் குடுத்த சரக்கு." அவர் கேட்கிற சாமானை மட்டும் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். புளித் தண்ணீர் கொதித்துப் பச்சை வாசனை போனதும், எந்தப் பொம்பளையும் செய்கிறதைத்தான் செய்தேன். கரண்டி நுனியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். உப்பு சரி. புளி ஒரு இம்மி தூக்கல், மீன் விழுந்தால் அமுங்கிவிடும். நிமிர்ந்தால் எல்லாரும் அடுப்படி வாசலில் நிற்கிறார்கள்.

"கை நனைச்சிட்டீங்க" என்றார் அந்த அம்மா, மெதுவாக.

தம்பிதான் முதலில் பாய்ந்தான். "அது உப்பு பாத்துதுங்க. உப்பு பாத்தது கணக்குல வராது. எலையில உக்காந்து சாப்ட்டாத்தான் கணக்கு."

"உங்க வூட்டுக் கையி, எங்க வூட்டுக் கொழம்பு" என்றார் அவன் அப்பா. அவர் வாயைத் திறந்ததே அப்போதுதான்.

"கொழம்பு அக்கா வச்சதுங்க. அப்ப அது எங்க கொழம்பு."

"புளி எங்களுதுங்களே."

"அப்ப புளிக்கு மட்டும் எவ்ளோன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்."

இரண்டு ஆம்பிளைகளும் ஒரு சொட்டுக் குழம்புக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறார்கள், சட்டி தன்பாட்டுக்குக் கொதிக்கிறது. நான் பையனைப் பார்த்தேன். அன்றைக்கு அத்தனை திட்டியும் சிரித்தவன், இப்போது சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓ, உனக்கும் பயம் வருமா என்று நினைத்தேன்.

"இன்னொரு நாள் வந்து கை நனைக்கிறோம்" என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். தம்பி சொன்னது நியாயமும்கூட, உப்பு பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. ஆனால் காலையில் நான் புடவை கட்டும்போது என் பெண் குனிந்து கொசுவத்தைப் பிடித்து விட்டது ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசவில்லை. என்ன சொல்லப் போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் போட்டதைத் தின்று வளர்ந்தவள். அது வேண்டாம், இது வேண்டும் என்று ஒருநாள் கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள், அதுவும் போயும் போயும் இதை.  எனக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு, நான் இப்போது கிளம்பிவிட்டால் இந்தக் குழம்பில் மீனை யார் போடுவது? ஒயினை ஊற்றியவரா?

மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"எலையப் போடுங்க" என்றேன்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவனும்தான் சாப்பிட்டான், என்னைவிட ஒரு பிடி அதிகமாக. "அத்த, இன்னும் கொஞ்சம் சோறு?" என்று பையன் குனிந்தான். ஆன்ட்டி அதற்குள் அத்தையாகிவிட்டது. "கதையெல்லாம் சொல்லாம சும்மா போடு" என்றேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். ஜன்னல் மேல் காலி பாட்டில். லேபிள் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் தடம். என் விரல்.

காரில் திரும்பும்போது நான் வாயே திறக்கவில்லை. தம்பி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, "வுடுக்கா, நல்ல புள்ளையாத்தான் தெரியுது" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். மடியில் அந்த அம்மா கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்கு சூடாக இருந்தது.

வீட்டு வாசலில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"அந்தப் பாட்டில நீதான குடுத்து அனுப்புன?"

"ம்."

"கொழம்புல ஊத்தச் சொன்னதும் நீதான?"

"ம்."

"அந்தம்மாவுக்குச் சமைக்கத் தெரியாதா?"

"சூப்பரா சமைப்பாங்க மா. அதான் எனக்கு பயம். கொழம்பு நல்லா இருந்தா நீ வைராக்கியமா எழுந்து வந்துருவ. கெட்டுப்போயிருந்தாத்தான் உள்ள போவ."

எனக்கு வந்த கோபத்தில் தூக்கை அப்படியே வீசியிருப்பேன், உள்ளே இருந்தது கொடுவாவாக இல்லாவிட்டால். என்னை வைத்து விளையாடியிருக்கிறாள். எனக்குத் தூண்டில் போட்டிருக்கிறாள். "நாக்கு செத்தவளுக்கு மூள மட்டும் எப்டி வேல செய்யுது பாரு" என்றேன்.

"எனக்கா நாக்கு இல்ல?" என்றாள். குரல் ஏறவில்லை. "நான் படிக்கும்போது ஒருநாள் உப்பு போடாம கத்திரிக்கா கொழம்பு வச்சியே. மொத வாயிலயே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொன்னா திரும்பவும் எழுந்து அடுப்பாண்ட போவ. ஆபீஸ்லேருந்து வந்து அப்பத்தான் உக்காந்திருந்த."

 செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டேன். குழம்பை ஊற்றி, தலைப்பக்கத் துண்டை அவளுக்கு வைத்தேன். அவள் பிசைந்து முதல் வாய் வைத்தாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

"எப்டி இருக்குது?" என்றேன். கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"உப்பு சரியா இருக்குது மா. புளிதான் ஒரு இம்மி தூக்கல்" என்றாள்.

தூக்கல்தான்.